பஸ்ஸுக்குப் போட்ட வீட்டு நம்பர்

நோட்டீசை ஒட்டினவன் பசையை மிச்சம் வைக்காமல் பூசியிருந்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து படலைத் திறந்தால், அயனி மரத்தடியில் நின்ற பஸ்ஸின் முன் கண்ணாடியில் வெள்ளையாக ஒரு காகிதம். குடையை மடக்கக்கூட நிற்காமல் போய் நகத்தால் சுரண்டினேன். ஓரம் கிழிந்ததே தவிர காகிதம் வரவில்லை. "சவம், மரத்துல ஒட்டினா ஒட்டாதா? கண்ணாடிதான் கெடச்சுதா இவனுக்கு!" என்று வாய்விட்டே சொன்னேன். கேட்க ஆளில்லை. ஆளில்லாமல் ஆகி அப்போது மூன்று வருஷம்.

மேலே மலையாளத்திலும் கீழே தமிழிலும் எழுதியிருந்தது. உபயோகமற்றுக் கிடக்கும் மோட்டார் வண்டியில் மழைவெள்ளம் தேங்கி, கொசுவும் விஷ ஜந்துக்களும் பெருகி, அக்கம்பக்கத்தாருக்கு உபத்திரவமாக இருப்பதால், பதினைந்து நாளைக்குள் அதைச் சொந்தச் செலவில் அகற்ற வேண்டும், தவறினால் முனிசிபாலிட்டியே அகற்றும் என்பது விஷயம். 'உபத்திரவம்' என்ற சொல்லில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து அதைத் திருத்தி வைத்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர் வேறென்ன செய்ய முடியும்? திருத்தி முடித்த பிறகுதான் 'அகற்றும்' என்ற சொல் மனசில் ஏறியது.

அந்த பஸ் அவருடையது. அவர் என்றால் என் புருஷன். குழித்துறைக்கும் நாகர்கோவிலுக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தார். மரத்தால் கட்டின உடம்பு, தகரக் கூரை, ஜன்னலுக்குப் பதிலாகச் சுருட்டிவிடுகிற படுதா. சந்தை நாளில் வாழைக்குலை மேலே, ஆள் உள்ளே, கோழி இரண்டிலும். ஒருநாள் வில்லுக்குறி தாண்டும்போது எஞ்சினுக்குள் ஏதோ முறிந்தது. இரண்டு ஜோடி காளை பூட்டி இழுத்து வந்து மரத்தடியில் விட்டார்கள். முறிந்த சாமான் கொழும்பில் கிடைக்கும் என்று எவனோ ஒரு புண்ணியவான் சொன்னான்.

"வண்டியில ஒருத்தனும் கைவைக்கப்படாது, கேட்டியா? சாமானோட வாறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பல் ஏறினார். முதல் வருஷம் ஐந்து கடிதாசு வந்தது. அடுத்த வருஷம் ஒன்று. அதற்குப் பிறகு தபால்காரர் எங்கள் படலைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போகத் தொடங்கினார். நல்ல மனுஷன், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

பிள்ளை இல்லை எங்களுக்கு. இரண்டு அறை வீடு, சுற்றிலும் பதினெட்டுத் தென்னை, ஒரு அயனி, ஒரு பஸ். தனியாக இருப்பதில் எனக்குப் பயமெல்லாம் ஒன்றும் கிடையாது. பேச்சு மிச்சப்பட்டுப் போகிறதே, அதுதான் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்தாலும், பிள்ளைகளிடம் பேசுகிற பேச்சு வேறு, வீட்டில் ஒரு ஆளிடம் பேசுகிற பேச்சு வேறு. அந்த இரண்டாவது பேச்சு தொண்டையிலேயே கட்டிக்கொண்டு கிடந்தது.

அதனால் சாயங்காலம் ஆனதும் தட்டில் சோறு போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குள் போய்விடுவேன். டிரைவர் இடத்துக்குப் பின்னால் இரண்டாவது பெஞ்சு, இடது ஓரம். கலியாணமான புதிதில் என்னைச் சும்மா நாகர்கோவில் வரைக்கும் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தபோது உட்கார்ந்த இடம் அது. அங்கே சாப்பிடுவேன், வேதப்புத்தகத்தில் சங்கீதம் ஒன்று சத்தமாக வாசிப்பேன், பிறகு சண்டை போடுவேன். "வேலி இத்துப் போச்சு, யாரு வந்து கட்டுவா? நீங்க அங்க சொகமா இருங்க" என்று காலியாகக் கிடந்த டிரைவர் இடத்தைப் பார்த்துச் சொல்வேன். நல்ல கூத்துதான். ஆனால் அதைச் சொல்லிவிட்டுப் படுத்தால் உறக்கம் வந்தது.

வண்டி இங்கேயே நின்றால் அவர் திரும்பி வர ஒரு காரணம் இருக்கிறது என்பது என் கணக்கு. எனக்காக வராத மனுஷன் வண்டிக்காக வரலாம் இல்லையா? இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். இப்போது சொல்வதற்கு வெட்கமில்லை. நோட்டீசில் 'அகற்றும்' என்ற சொல்லைக் கண்டு பயந்தது அதற்காகத்தான்.

நாலாம் நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆள், பேச்சில் பாதி மலையாளம். தாடையில் ஒரு மரு, வெள்ளைச் சட்டை, பழைய சைக்கிள். வண்டியைப் பற்றி மனு கொடுத்தது கிழக்கு வீட்டுக்காரர் என்று அவர் சொன்னதும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. தேங்காய் வியாபாரி. அவர் மகள் என் வகுப்பில்தான் படித்தாள். அவர் பெண்சாதி தினமும் காலையில் வேலியில் நின்று என்னிடம் இரண்டு வார்த்தை பேசுகிறவள். "நேரே வந்து எங்கிட்ட சொல்லப்படாதா? மனுவாம் மனு!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும்படியே சொன்னேன்.

இன்ஸ்பெக்டர் பஸ்ஸைச் சுற்றிப் பின்பக்கம் போனார். கீழே கிடந்த ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து, பஸ்ஸுக்குப் பின்னால் கிடந்த பழைய டயருக்குள் விட்டு வெள்ளத்தைக் கோரி என் மூக்குக்கு நேரே நீட்டினார். சிறிசு சிறிசாகப் புழுக்கள் நெளிந்து துள்ளிக்கொண்டிருந்தன.

"டீச்சரே, நோக்கணும். எல்லாம் கொசுவாக்கும். ரெண்டு நாள்ல பறக்கும். அந்த வீட்டுக் குட்டிக்குக் காய்ச்சல் வந்து காலு வீங்கிக் கிடக்குல்லா? எங்கேருந்து வந்ததுன்னு நெனைக்கிறீங்க?"

ஒரு வாரமாக அந்தப் பிள்ளை வகுப்புக்கு வரவில்லை. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. என் வண்டி, என் சோறு, என் சங்கீதம் என்று இருந்திருக்கிறேன். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. டயரைக் காலால் புரட்டித் தள்ளினேன், வெள்ளம் முழுக்க என் புடவையில் கொட்டியது.

"வெள்ளத்தை வடிச்சாச்சு. டயரை எடுத்துட்டுப் போங்க. கூரையில குழி இருக்கு, அதையும் அடைக்கேன். வண்டிய எதுக்கு எடுக்கணும்?"

"ஓடாத்த வண்டியில்லியா? ரூல் அதாக்கும்."

"நானுந்தான் ஓடாம நிக்கேன். என்னையும் எடுத்துட்டுப் போவியளா?"

அவர் சிரித்துவிட்டார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டே, "ஆள் குடியிருந்து தாமசிக்கிற எடமானா வேற ரூல். அப்ப அது வண்டியில்ல, வீடு" என்றார். விளையாட்டாகச் சொன்னது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போய் மனு எழுதிக் கொடுத்தேன். என் தென்னை விளையில் உள்ள மரக்கட்டடம் ஒன்றுக்கு வீட்டு நம்பர் வேண்டும் என்று எழுதினேன். அவர்களுக்கும் ஆசையாகத்தான் இருந்திருக்கும், ஒரு வீடு கூடினால் ஒரு வரி கூடும். ஆனால் நிபந்தனை சொன்னார்கள். சக்கரம் இருக்கும் மட்டும் அது வண்டிதான், கழற்றிக் கல்லின்மேல் உட்கார வைக்க வேண்டும். உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஒரு ஆள் குடியிருக்க வேண்டும்.

கொல்லன் வந்து சக்கரங்களைக் கழற்றினபோது நான் பக்கத்தில் நின்றேன். நாலு மூலைக்கும் நாலு கல் வைத்து இறக்கினான். "டீச்சர், இனி அண்ணாச்சி வந்தா வண்டிய எப்படி ஓட்டுவாவ?" என்று கேட்டான். "உம்ம வேலையப் பாரும் ஓய்" என்றேன். ஒரு வண்டி போகாமல் இருக்க வேண்டுமென்று சக்கரத்தைக் கழற்றச் சொன்ன பைத்தியக்காரி இந்தச் சீமையில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

அப்புறம் ஆபீசிலிருந்து ஒரு குமஸ்தா வீட்டுப் பட்டியல் எழுதின பெரிய புத்தகத்தோடு வந்தார். வழக்கமாக என் வீட்டுக்கு நேரே 'ஆட்கள் இரண்டு' என்று இருக்கும். எப்போது யார் கேட்டாலும் நான் இரண்டு என்றுதான் சொல்வேன். குமஸ்தா அதில் ஒன்றை அடித்து, அந்த ஒரு ஆளை பஸ்ஸின் புது நம்பருக்கு மாற்றினார்.

"அப்ப இங்க தாமசம் யாரு?"

"எங்க வீட்டு அவிய."

"பேரு?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்டுகளின் பயம். வேதத்தில் அப்படி எங்கேயும் இல்லை என்று உபதேசியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிரசங்கம் செய்தார். கோயில் விட்டு வெளியே வந்து அவர் பெண்சாதி, "அவிய சொன்னது நல்லாத்தான் இருந்து" என்றாள். அவ்வளவுதான் அந்தப் பிரசங்கத்தின் பலன். நான் படித்தவள், நாலு பேருக்குப் படிப்புச் சொல்லிக் கொடுக்கிறவள். ஆனாலும் பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கிறாரோ என்று தெரியாதபோது எப்படிச் சொல்லுவேன்?

பஸ்ஸின் டிரைவர் பக்கத்து மரப்பலகையில் அவரே தூரிகையால் தன் பெயரைச் சின்னதாக எழுதி வைத்திருந்தார். நான் அதை விரலால் காட்டினேன். குமஸ்தா குனிந்து வாசித்து எழுதிக்கொண்டார். "ஆளு எங்க?" என்றார். "வெளியூர் போயிருக்காவ." அது பொய்யா? நீங்களே சொல்லுங்கள்.

தாரால் நம்பர் போட்டுவிட்டுப் போனார். மறுவாரம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் சுண்ணாம்பு அடிக்கிறவன் வந்து, நம்பரைச் சுற்றி மட்டும் ஒரு சாண் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் வெள்ளையாக்கியிருந்தான். அவருடைய பெயரையும் சேர்த்துத்தான். பார்த்தபோது ஈரம் காயவில்லை. முந்தானையால் துடைத்திருந்தால் தெரிந்திருக்கும். நம்பர்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

நாலு மாசம் நிம்மதியாக இருந்தது. கிழக்கு வீட்டுப் பிள்ளைக்குக் கால் வீக்கம் வடிந்து வகுப்புக்கு வந்துவிட்டாள். நான் படுதாவை இறக்கி விட்டுக்கொண்டு சாயங்காலம் சாப்பிட்டேன், வாசித்தேன், சண்டை போட்டேன். மாசி பிறந்தது. சந்தையில் ஒரு ஆளுக்கு வைசூரி அம்மை என்று பேச்சு வந்தது.

அம்மை குத்துகிறவர் வீடு வீடாக வந்தார், கையில் நம்பர் பட்டியல். என் கையைக் கீறிக் குத்தினார். பிறகு பஸ்ஸைப் பார்த்தார். "அந்த நம்பர்ல ஒரு ஆம்பிளை உண்டே?"

"வெளியூர் போயிருக்காவ."

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார். "இன்னும் வரல்லியா?" என்றார். மூன்றாவது தடவை வந்தபோது என் நேரம், சோற்றுத் தட்டோடு பஸ்ஸின் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். அவர் தட்டைப் பார்த்தார், இறக்கிவிட்ட படுதாவைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பேச்சு. கொழும்பிலிருந்து புருஷன் வந்துவிட்டான், கப்பலிலேயே வைசூரி போட்டிருக்கிறது, டீச்சர் பஸ்ஸுக்குள் ஒளித்து வைத்துச் சோறு கொடுக்கிறாள். உள்ளே அவள் அவனோடு பேசுவதைக் காதால் கேட்டவர்களே உண்டு. கேட்டிருப்பார்கள்தானே! என் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டுத் தள்ளி நிற்க வைத்துக்கொண்டு, "கொஞ்ச நாள் வீட்டுல இரியும்மா" என்றார். கிழக்கு வீட்டுக்காரி வேலியில் முகம் காட்டவில்லை, வேப்பிலைதான் தொங்கியது.

நான் உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எத்தனை பேருக்குப் பயம், எத்தனை வீட்டில் பிள்ளை உண்டு! ஆனால் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவர் வந்துவிட்டார் என்று ஊரே பேசியது எனக்கு இனித்தது. மூன்று நாள் நானும் அதை நம்புகிற மாதிரியே நடந்தேன். வெந்நீர் வைத்தேன். கஞ்சி இரண்டு பேருக்குப் போட்டேன். கடைசியில் நானே இரண்டையும் குடித்தேன்.

நாலாம் நாள் காலை பத்து மணி இருக்கும். இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னால் ஒரு மாட்டு வண்டி, இரண்டு ஆள், மூங்கிலில் கட்டின பாய். வைசூரிக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள். வேலிக்கு வெளியே, முடுக்குச் சந்தில், எதிர்விளையில், எங்கும் தலை. எல்லாரும் வாயைத் துணியால் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

"டீச்சரே, படுதாவைத் தூக்கணும்."

தூக்கினேன். பெஞ்சு, என் வேதப்புத்தகம், கழுவாத ஒரு கிண்ணம். வேறொன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் உள்ளே ஏறிப் பெஞ்சுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டு இறங்கினார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஆள் ஓடிப் போயாச்சா? எப்ப போனாரு? எந்த வழி? டீச்சரே, வெளையாட்டில்ல. வைசூரியோட ஒரு ஆள் சுத்தினா ஊரு முடிஞ்சு போகும். இப்பவே போலீசுக்கு எழுதி விடணும். இந்த முடுக்கு வீடெல்லாம் அடைக்கணும். ஒருத்தரும் வெளியே எறங்கப்படாது."

வேலிக்கு அந்தப் பக்கம் கிழக்கு வீட்டுக்காரி, "ஐயோ, எம் புள்ள!" என்று கத்தினாள். அந்தக் குரல்தான் என்னை உலுக்கியது.

"வைசூரி யாருக்கும் இல்ல" என்றேன். "ஓடிப்போகவும் இல்ல. வரவே இல்ல."

"யாரு வரல்ல?"

"அவிய."

"அவியன்னா?" அவர் ஒரு காகிதத்தை எடுத்தார். பட்டியல் புத்தகம் ஆபீசில் இருந்தது, அவரிடம் நம்பர் மட்டும்தான். "இது வாக்குமூலமாக்கும். ஆளு பேரு சொல்லணும்."

விரல் தானாக டிரைவர் பக்கத்து மரப்பலகையைக் காட்டியது. அங்கே சுண்ணாம்பு. நாலு மாச வெயிலில் காய்ந்து இறுகின சுண்ணாம்பு. கிழக்கு வீட்டுக்காரர் என் சங்கடம் புரிந்து, "ஸார், அவரு பேரு..." என்று வாயெடுத்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். "நீங்க சொன்னா ஆகாது. டீச்சர் சொல்லணும்."

சொன்னேன்.

முதல் தடவை சத்தம் வரவில்லை. "கேக்கல்ல" என்றார். இரண்டாவது தடவை, வகுப்பில் பெயர் கூப்பிடுகிற குரலில், அவருடைய அப்பன் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். "என் புருஷன் இங்க இல்ல. போயி நாலாவது வருஷம். ரெண்டு வருஷமா கடிதாசு இல்ல. எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாது. உள்ள பேசினது நான். நான் மட்டுந்தான் பேசினேன்."

கிழக்கு வீட்டுக்காரி வாயிலிருந்த துணியை எடுத்துவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, காது மட்டும் சுட்டது. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஒரு தடவை ஊரைக் கூட்டிச் சொன்னது போதும்.

இன்ஸ்பெக்டர் எழுதி முடித்துக் கையெழுத்து வாங்கினார். மாட்டு வண்டியைத் திருப்பி அனுப்பினார். கூட்டம் மெள்ளக் கலைந்தது. குடியிருக்க ஆளில்லை என்றால் பஸ்ஸின் நம்பர் நிற்காது, பழைய நோட்டீசுதான், அதே பதினைந்து நாள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பதினஞ்சு நாளு வேண்டாம்" என்றேன். "வண்டிய எடுக்க நாளைக்கே ஆள் விடுங்க."

படல் வரைக்கும் போனவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் மனுஷன்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டார்: "டீச்சரே, ஒரு காரியம் செய்யலாம். பஸ் நம்பர்ல அடிக்கிற பேரைத் திரும்ப வீட்டு நம்பர்ல ஏத்தி விடட்டா? பழையபடி ரெண்டுன்னு இருக்கும். யாரும் கேக்க மாட்டா."

தலையாட்டிவிட்டால் போதும். 'சரி' என்று வாய் வரைக்கும் வந்தது.

"வேண்டாம் ஸார்" என்றேன். "ஒண்ணுன்னே இருக்கட்டும்."

அவர் படலைச் சாத்திவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அடுக்களையில் நின்றபடியே சாப்பிட்டேன். ஒருத்தி சாப்பாட்டுக்கு எவ்வளவு அரிசி போடுவதென்று தெரியாமல் கூடப் போட்டிருந்தேன்.